பஞ்சுப்பொதிக்கு விலை வைத்த கதை

மேலச்சூரங்குளத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்: தேரடித் தெரு அச்சகத்தின் மாடியில் உட்கார்ந்து பொன்னுக்கனியும் டெய்சியும் எந்த மந்திரச் சீட்டைப் போட்டுப் பார்க்கிறார்களோ அந்த மந்திரம் அன்றைக்கு ஊரில் நடக்கும். சீட்டின் மூலையில் விலை எழுதுகிற வட்டம் காலியாக இருக்கிறவரைக்கும்தான் நடக்கும். விலை எழுதி மை காய்ந்துவிட்டால் அப்புறம் அது வெறும் அட்டை, அதைப் போட்டால் மேசைக்கு வெளியே ஒரு ஈ கூட நகராது. ஏன் இப்படி என்று ஆரம்பத்தில் நாலு பேர் கேட்டார்கள். அச்சகத்துக்காரர் மைதான் காரணம் என்றார், பூசாரி இடம்தான் காரணம் என்றார், யோசித்துச் சொல்கிறேன் என்று போன அறிவியல் வாத்தியார் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஊர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, ஊருக்குப் பிழைப்பு கிடந்தது.

விளையாட்டின் பெயர் எழுகோட்டை. சென்னைக் கம்பெனி ஒன்று போடுகிறது. பிள்ளைகள் அதைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி, கிடைத்த சீட்டை வைத்துச் சொந்தக் கட்டு சேர்த்து, இல்லாததை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். உள்ளே வீரர்கள் உண்டு, கோட்டைகள் உண்டு, மந்திரங்கள் உண்டு. மந்திரம் போட வேண்டுமானால் கையிலிருக்கும் விளக்குச் சீட்டுகளைக் கொடுக்க வேண்டும். ஒரு மந்திரத்துக்கு எத்தனை விளக்கு கேட்கலாம் என்பதுதான் கேள்வி. குறைத்துக் கேட்டால் ஆளாளுக்கு அதையே போட்டு ஆட்டத்தைக் கெடுப்பார்கள், கூட்டிக் கேட்டால் சீந்த ஆளிருக்காது. கம்பெனியின் சீட்டெல்லாம் அச்சாவது மேலச்சூரங்குளத்தில் என்பதால், புது மந்திரங்களை ஆடிப்பார்த்து விலை சொல்லுகிற வேலையும் அந்த மாடிக்கே வந்து சேர்ந்தது. கணக்குப் படித்த பொன்னுக்கனியும், எதைக் கொடுத்தாலும் உடைத்துப் பார்க்காமல் விடாத டெய்சியும் அந்த வேலைக்கு அமைந்தார்கள்.

ஊர் பழகிக்கொண்டதுதான் அழகு. 'இடம்மாறு கிணறு' என்ற சீட்டைப் போட்ட அன்றைக்கு மேலத்தெருக் கிணறு கீழத்தெருவில் போய் நின்றது; கீழத்தெருக்காரர்கள் அவசர அவசரமாக ஆளுக்கு நாலு குடம் இறைத்துக்கொண்டு, சாயங்காலம் அது கிளம்பும்போது மரியாதையாக வழி விட்டார்கள். 'நிழல் இரவல்' என்ற சீட்டு ஆடிய வாரத்தில் பெருத்த உடம்புக்காரர்களுக்கு நல்ல மவுசு, பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் நிழலை மற்றவர்கள் கேட்டு வாங்கி நின்றுகொண்டார்கள். எதிரிப் படைக்கெல்லாம் தும்மல் வரவைக்கும் சீட்டு மட்டும் ஒரு கல்யாண முகூர்த்தத்தில் மாட்டிக்கொண்டு, தாலி மூன்று தடவை கை நழுவிப் போனது. அதிலிருந்து ஊரில் கல்யாணத் தேதி குறிக்கிறவர்கள் பஞ்சாங்கத்தையும் பார்த்தார்கள், மாடிக்கு ஆளனுப்பி அன்றைக்கு என்ன சீட்டு என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஆட்டோ நிலையத்து ஒலிபெருக்கியில் தினம் காலை குடிநீர் வருகிற நேரத்தோடு மந்திரத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள், அதைக் கேட்டுவிட்டுத்தான் பெண்கள் வற்றல் காயப்போட்டார்கள்.

பொன்னுக்கனி மேல் ஊருக்கு மரியாதை இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது. மழை வரவைக்கும் சீட்டை இன்னும் ஒரு நாள் ஆடினால் என்ன என்று விவசாயிகள் வந்து நின்றபோதும், வேண்டவே வேண்டாம் வெடி நனைந்துவிடும் என்று பட்டாசுக்காரர்கள் வந்து நின்றபோதும், அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: ஆட்டம் எத்தனை கேட்கிறதோ அத்தனை ஆடுவோம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை, கீழும் இல்லை. நேர்மை என்று அவள் அதை நினைத்தாள், பிடிவாதம் என்று ஊர் நினைத்தது. இரண்டும் உண்மைதான்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லத் தேவையுமில்லை, அந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு அதே பயம்தான். அவள் கணவன் சுயம்புலிங்கம் ஊருக்குத் தெற்கே இருந்த பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து கலக்கிற அறைகள் அவன் பொறுப்பு. காலையில் அவன் கிளம்பிப் போனதிலிருந்து சாயங்காலம் அவன் செருப்பை வாசலில் விடுகிற சத்தம் கேட்கிறவரைக்கும், அவள் சீட்டு ஆடும்போதும் சாப்பிடும்போதும் டெய்சியோடு சிரிக்கும்போதும், ஒரு காதைத் தெற்குப் பக்கமே வைத்திருப்பாள். எங்கேயாவது லாரி டயர் வெடித்தால் கையிலிருக்கும் சீட்டு கீழே விழும். டெய்சி அதைக் குனிந்து எடுத்துக் கொடுப்பாளே தவிர ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். வாய்த்துடுக்கான பெண்ணிடம் அவ்வளவு நாகரிகம் இருந்தது.

அந்த வருஷம், தீபாவளிக்கு ஆலைகள் இரவு பகலாக ஓடுகிற காலத்தில், புதுச் சீட்டுகளின் கட்டு ஒன்று சென்னையிலிருந்து வந்தது. அதில் ஒன்று 'பஞ்சுப்பொதி'. கோட்டை மதிலிலிருந்து விழுகிற வீரன் ஒருவன் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற படம். கீழே ஒரே வரி: 'இந்தச் சுற்று முடியும்வரை யாருக்கும் காயம் படாது.'

"இது என்ன மதினி சீட்டு?" என்றாள் டெய்சி. "அடிச்சு செயிக்கிற ஆட்டத்துல அடியே படாதுன்னா அப்புறம் எதுக்கு உக்காந்து ஆடணும்? ஒரு விளக்கைப் போட்டுத் தள்ளுங்க. குப்பை."

பொன்னுக்கனிக்கும் அப்படித்தான் பட்டது. நெருப்பு கக்குகிற சீட்டும் மலையைப் புரட்டுகிற சீட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒன்றுமே செய்யாத சீட்டு மட்டமாகத்தான் தெரியும். சீட்டுக்கு விலை சொல்லுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு அது. ஆனாலும் ஆடிப்பார்க்காமல் விலை எழுதுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஒரு சுற்று பாத்துருவோம்" என்று சொல்லிப் பஞ்சுப்பொதியை மேசை நடுவில் வைத்தாள்.

எழுகோட்டையில் சுற்று முடிகிற விதம் லேசானது. இரண்டு பேரும் அடுத்தடுத்து 'விட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. யாராவது ஒருவர் எதையாவது நகர்த்திக்கொண்டிருந்தால், வெறும் காவலாளிச் சீட்டை இந்தக் கோட்டையிலிருந்து அந்தக் கோட்டைக்கு மாற்றிக்கொண்டிருந்தாலும் போதும், சுற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் வந்தது. சன்னல் கண்ணாடி முழுசும் உடைந்து உள்ளே கொட்டியது. டெய்சியின் கழுத்திலும் தோளிலும் மடியிலும் கண்ணாடிச் சில்லாகக் கிடந்தது, ஆனால் ஒரு கீறல் இல்லை. அதை இருவரும் பார்க்கவில்லை. தெற்கே கரும்புகை எழும்பிக்கொண்டிருந்ததை மட்டும்தான் பொன்னுக்கனி பார்த்தாள். பார்த்தவள் எழுந்து, செருப்பும் போடாமல், படிகளில் இறங்கினாளா விழுந்தாளா என்று தெரியாமல் தெருவுக்கு வந்து, தேநீர்க் கடைக்காரர் கொண்டுவந்து நிறுத்திய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க ஒரு சாமியின் பெயர்கூட நினைவுக்கு வராமல் போய்ச் சேர்ந்தாள்.

மருந்தறை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. அறையின் கதவு வேப்பமரத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆலைக்கு வெளியே கூடியிருந்த பெண்கள் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அப்போது புகைக்குள்ளிருந்து சுயம்புலிங்கம் நடந்து வந்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, புருவத்தில் சாம்பல், மற்றபடி காலையில் வீட்டைவிட்டுப் போன மனுஷன்தான். அவனுக்குப் பின்னால் கூட வேலை பார்த்த பெண்கள் வரிசையாக முந்தானையை உதறிக்கொண்டு, போன தூக்குவாளிகளுக்காக ஆலைக்காரரைத் திட்டிக்கொண்டு வந்தார்கள்.

"கனி," என்றான் அவன், அவளைப் பார்த்ததும். "சோத்துச் சட்டி போச்சு."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவனுடைய இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு, விரல்களைத் தடவித் தடவிப் பார்த்து, எல்லாம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம்தான் அவளுக்குச் சீட்டு ஞாபகம் வந்தது. தான் எழுந்து ஓடிவந்தது ஞாபகம் வந்தது. ஒரு ஆள் எழுந்து போனால் ஆட்டம் முடிந்துவிடுமே, இன்னும் உள்ளே ஆட்கள் இருக்கிறார்களே என்று அதே ஸ்கூட்டரில் திரும்பினாள்.

மாடியில் டெய்சி கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வலது கையால் தன் காவலாளியை நகர்த்தினாள், இடது கையால் பொன்னுக்கனியின் காவலாளியை நகர்த்தினாள், மறுபடி வலது கை, மறுபடி இடது கை. முகமெல்லாம் வியர்வை.

"நீங்க எந்திரிச்சுப் போனீங்க. நான் விடலை மதினி," என்றாள். "வேற என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியலை."

பொன்னுக்கனி அவள் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நகர்த்தணும் மதினி நகர்த்தணும், கையை விடுங்க என்று டெய்சி அழுதுகொண்டே கத்தினாள்.

மறுநாள் காலையில் சுயம்புலிங்கம் பக்கத்து அறைக்கு வேலைக்குப் போனான். தீபாவளி வருகிற நேரத்தில் ஒரு அறை போனால் இன்னொரு அறை, ஆலையின் கணக்கு அப்படித்தான். பொன்னுக்கனி மாடியில் உட்கார்ந்து காவலாளியைக் கையில் எடுத்தாள். ஒரு மந்திரத்தின் விலை தெரிய ஒரு சுற்று போதும் என்று எத்தனையோ பேரிடம் சொன்ன வாயால் அன்றைக்கு அவளுக்கு 'விட்டேன்' என்று சொல்ல முடியவில்லை. ஆட்டம் கேட்பதற்கு மேல் ஆடினாள். அது அவளுக்கே தெரிந்தது.

இரண்டு பெண்கள் எவ்வளவு நேரம்தான் சீட்டை நகர்த்துவது? ஊர் தானாக வந்து தோள்கொடுத்தது. கோயில் விழாக் குழுத் தலைவர் தவமணி அண்ணாச்சி மாடிக்கு வந்து, மேசையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா யோசனை? மண்டகப்படி போட்டுருவோம்," என்றார். திருவிழாவில் ஒவ்வொரு நாள் சாமி புறப்பாட்டையும் ஒவ்வொரு பிரிவார் ஏற்று நடத்துகிற மாதிரி, சுற்றையும் பகிர்ந்துகொண்டார்கள். பலசரக்குக் கடைக்காரர்களுக்கு ஒரு நாள், ஆட்டோக்காரர்களுக்கு ஒரு நாள், அச்சகத்தாருக்கு, பள்ளி வாத்தியார்களுக்கு, மாதா கோயில் பெண்களுக்கு, பள்ளிவாசல் தெருவுக்கு, முடிதிருத்துவோர் சங்கத்துக்கு என்று ஆளுக்கொரு நாள். வருகிறவர்கள் குளித்துவிட்டு வந்தார்கள். சிலர் பழத்தட்டு கொண்டுவந்தார்கள். அவரவர் மண்டகப்படி அன்றைக்குச் சுண்டலும் பானகமும் அவரவர் பொறுப்பு. யார் சுண்டல் நல்லது என்று போட்டியும் வந்தது. அதில் பள்ளிவாசல் தெருக்காரர்கள் ஜெயித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. காவலாளிச் சீட்டின் ஓரம் எத்தனையோ கைபட்டு நைந்துபோனது.

அப்படியாக ஊரில் காயம் என்பதே இல்லாமல் போயிற்று. பிள்ளைகள் வேப்பமரத்திலிருந்து விழுந்து, எழுந்து, வரிசையில் நின்று மறுபடி ஏறி விழுந்தார்கள். பெண்கள் கொதிக்கிற சோற்றுப் பானையைக் கைப்பிடித் துணி இல்லாமல் இறக்கினார்கள். முடிதிருத்துகிறவர் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கத்தியைப் போட்டார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்து, யாராவது கையில் ஏதாவது கட்டிக்கொண்டு வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தபடி இருந்தார். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஆலை விட்டு வருகிற ஆட்களைப் பார்க்கவே தெருமுனையில் பெண்கள் நின்றார்கள், இப்போது பயத்தோடு அல்ல, ஒரு சந்தோஷத்துக்காக. வருகிற கைகளையும் கால்களையும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்ச் சோறு வைத்தார்கள்.

சென்னையிலிருந்து நிவேதன் வந்தான். பஞ்சுப்பொதியை எழுதியவன் அவன்தான். நடக்கப் பழகிக்கொண்டிருந்த தன் மகள் தடுக்கி விழுந்த ஒரு மத்தியானத்தில் அந்த வரி தோன்றியதாம். மற்ற சீட்டெல்லாம் விலையோடு வந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி, அச்சுக்கு நேரமாகிறது என்று கேட்கத்தான் வந்தான். வந்தவன் மாடியில் மாதா கோயில் பெண்கள் தலையில் முக்காட்டோடு காவலாளியை நகர்த்துவதைப் பார்த்தான், மருந்தறைக் கதவு வேப்பமர உச்சியில் தொங்குவதைப் போய்ப் பார்த்தான், சுண்டல் சாப்பிட்டான்.

"கனி மேடம், நான் உங்களை நெருக்க மாட்டேன்," என்றான் கிளம்பும்போது. "விலை வச்சா அச்சுக்குப் போகும். வைக்கலைன்னா இந்தச் சீட்டு இல்லாம நாங்க பெட்டியைப் போட்டுக்குவோம். அப்படியே கிடக்கட்டும்னு நீங்க சொன்னாலும் எனக்குச் சம்மதம். அது உங்க கையில இருக்கு."

அதட்டியிருந்தால் அவனோடு சண்டை போட்டிருக்கலாம். நல்லவனாகப் போய்விட்டான், அதனால் முடிவு முழுக்க அவள் தலையில் விழுந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து சுயம்புலிங்கம் சோற்றை மறந்துவிட்டுப் போனான். மாடியில் பலசரக்குக் கடைக்காரர்கள் முறை. டெய்சியிடம் சொல்லிவிட்டுப் பொன்னுக்கனி தூக்குவாளியோடு ஆலைக்குப் போனாள்.

வாசலில் வரிசையாகத் தொங்கிய தீயணைப்பு வாளிகளில் மணல் இல்லை. ஒன்றில் மிளகாய் நாற்று வளர்ந்திருந்தது, இன்னொன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி வறண்டு கிடந்தது. அறைக்குள் விரித்திருக்க வேண்டிய ரப்பர் விரிப்பை யாரோ ஆட்டுக்கொட்டகைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் ஒரு கூட்டமே உட்கார்ந்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தது, ஒருத்தி மடியில் குழந்தை. இரும்பு பட்டால் பொறி வரும் என்று மரக்கரண்டியைத் தவிர எதையும் உள்ளே விடாத சுயம்புலிங்கம், வெயில் கொளுத்துகிற உச்சிப்பொழுதில், இரும்புக் கரண்டியால் மருந்தைக் கலக்கிக்கொண்டு, காதில் ஒரு பீடியும் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வா கனி," என்றான். "இப்பல்லாம் வேலை எவ்வளவு சுலுவா போவுது பாரு."

அவள் ஒன்றும் சொல்லாமல் தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நடக்க நடக்க, அத்தனை நாளும் பிடிபடாமல் நழுவிக்கொண்டிருந்த விலை அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் சுற்றில் அந்தச் சீட்டுக்கு ஒரு விளக்குதான், டெய்சி சொன்னது சரி. ஆனால் அது மேசையில் தங்கத் தங்க விலை ஏறுகிறது. நேற்றைக்குச் சுற்று முடிந்திருந்தால் ஒரு அறை போயிருக்கும், இன்றைக்கு முடிந்தால் ஆலை போகும், இன்னும் ஆறு மாதம் கழித்து முடிந்தால் ஊரில் கணக்குப் பார்க்க ஆள் மிஞ்சாது. காயம் படாது என்று தெரிந்த நாளிலிருந்து மனுஷனிடம் இருந்த பயமெல்லாம் மிளகாய் நாற்றுக்கு உரமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே மாடியில் ஊர் கூடியது. சீட்டு நகர்ந்துகொண்டிருக்க, அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றை முடிக்க வேண்டும் என்றாள்.

"ஒரு குறையும் இல்லாம ஓடிக்கிட்டிருக்கு தாயி," என்றார் தவமணி அண்ணாச்சி. "அதை எதுக்கு நாமளே நிறுத்தணும்?"

"நாம நிறுத்தலேன்னாலும் ஒருநாள் அதுவா நிக்கும் அண்ணாச்சி. நகர்த்துறவுகளுக்குக் கண்ணு சொக்கும். காத்துல சீட்டு பறக்கும். அன்னைக்கி ஆலையில மண்ணும் இருக்காது, தண்ணியும் இருக்காது, நமக்குப் பயமும் இருக்காது."

மடியில் குழந்தையோடு மருந்து செலுத்திய பெண் எழுந்தாள். "நீங்க முடிச்ச மறுநாள் எங்கள்ல ஒருத்திக்கு ஏதாவது ஆச்சுன்னா, அக்கா? அப்ப என்ன சொல்வீக?"

பொய்யாக ஒன்றைச் சொல்லப் பொன்னுக்கனிக்கு வரவில்லை. "தெரியாதும்மா," என்றாள். "அங்க என் வீட்டுக்காரரும்தான் இருக்காரு. நான் கெட்டிக்காரத்தனமா இதைச் சொல்லலை. பயந்துபோய்ச் சொல்லுறேன்."

பின்வரிசையில் சுவரில் சாய்ந்து நின்ற சுயம்புலிங்கம் காதிலிருந்த பீடியை எடுத்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்து, சன்னல் வழியாக வெளியே போட்டான்.

"வேலைநாள்ல, வேலைநேரத்துல முடி," என்றான். "லீவு நாள்ல முடிச்சா நாளைக்குப் பாத்துக்கலாம்னு எல்லாரும் மெத்தனமா இருப்பாக. நான் மருந்தறைக்குள்ள இருப்பேன். நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா ஊரு வாளியில மண்ணு போடும்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அவள்.

"கனி, இரும்புக் கரண்டியைக் கையில பிடிச்சவன் நானு. நீ வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை பேசாமப் போனப்பதான் எனக்கு உறைச்சுது. வேற யாரை உள்ள உக்கார வைக்கச் சொல்லுற?"

அவள் மறுக்கவில்லை. ஊரும் மறுக்கவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்றவள்தான் முதலில் வாய் திறந்து, நாளைக்கு நான் தண்ணித் தொட்டியைக் கழுவுறேன் என்றாள்.

மறுநாளிலிருந்து மண்டகப்படிகள் இரண்டாகப் பிரிந்தன. பாதிப் பேர் மாடியில் சீட்டை நகர்த்தினார்கள், பாதிப் பேர் ஆலைகளுக்குப் போனார்கள். ஆட்டோக்காரர்கள் ஓடையிலிருந்து மணல் கொண்டுவந்து வாளிகளை நிரப்பினார்கள். மிளகாய் நாற்று பள்ளிக்கூடத் தோட்டத்துக்குப் போனது, கோழியை மட்டும் குஞ்சு பொரிக்கிறவரை தண்ணீர்த் தொட்டியடியில் விட்டுவைத்தார்கள். ஆட்டுக்கொட்டகையிலிருந்து ரப்பர் விரிப்பு கழுவப்பட்டு வந்தது. மாதா கோயில் பெண்கள் தரையில் சிந்தியிருந்த மருந்துத் தூளை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். ஆலை முதலாளிமார் ஆரம்பத்தில் முனகினார்கள். மண்டகப்படி தட்ட முடியாத ஊர் என்பதால் முனகலோடு நிறுத்திக்கொண்டார்கள். இரும்புக் கரண்டிகளையெல்லாம் சேர்த்துக் கோயில் சமையலுக்குக் கொடுத்துவிட்டார்கள். பயம் மெதுவாக, கூச்சத்தோடு, கோபித்துக்கொண்டு போன மருமகள் திரும்பி வருவது போல ஊருக்குள் வந்தது. யாரும் அதைக் குத்திக்காட்டவில்லை.

அந்த நாள் வந்தது. காலை வெயில் ஏறாத, மருந்து கலக்கத் தோதான நேரம். ஒலிபெருக்கியில் குடிநீர் வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டு, இன்று பஞ்சுப்பொதி முடிகிறது, எல்லாரும் பார்த்து நடங்கள் என்றார்கள். சுயம்புலிங்கம் பருத்திச் சட்டை போட்டு, மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு, போய்ட்டு வாரேன் என்று தினமும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டுப் போனான். மாடியிலும் படியிலும் தெருவிலும் ஆட்கள் நின்றார்கள்.

பொன்னுக்கனி நைந்துபோன காவலாளிச் சீட்டைத் தடவிப் பார்த்தாள். அதில் பட்ட கைகளையெல்லாம் நினைத்தாள். இவ்வளவு நாள் ஊரில் ஒரு வீட்டிலும் இழவு விழவில்லை, ஒரு பிள்ளைக்குத் தகப்பன் இல்லாமல் போகவில்லை, அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கேட்க வேண்டும் என்றும் இருந்தது.

"விட்டேன்," என்றாள்.

டெய்சி அவளையே பார்த்தாள். "விட்டேன் மதினி."

பொன்னுக்கனி பேனாவை எடுத்து வட்டத்துக்குள் ஒன்று என்று எழுதி, அதன் கீழே, 'மேசையில் தங்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று கூடும்' என்று பொடி எழுத்தில் எழுதினாள். மை காய்கிறவரை ஊதினாள். எல்லாரும் தெற்குப் பக்கம் காதை வைத்தார்கள். மேலச்சூரங்குளத்தில் அவ்வளவு பேர் அவ்வளவு அமைதியாக நின்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோயில் புறா ஒன்று இறக்கையடித்தது. எங்கோ குக்கர் விசில் வந்து நாலு பேர் நெஞ்சில் கை வைத்தார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுச் சங்கு ஊதியபோதுதான் தவமணி அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டபோது அது சரியாக இல்லை. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்துக் கேட்டது. பொன்னுக்கனி கையிலிருந்த அரிசியோடு ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை," என்றான் சுயம்புலிங்கம். "ரயில்வே கேட்டுகிட்ட சைக்கிள் சறுக்கிருச்சு. இத்தனை நாளா விழுந்து விழுந்து எந்திரிச்சுப் பழகிருச்சா, பிரேக்கே பிடிக்கலை."

வேட்டியை விலக்கிக் காட்டினான். முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவள் தண்ணீர் எடுத்துவந்து கழுவினாள். அவன் ஸ்ஸ் என்று காலை இழுத்தான். அந்தச் சத்தத்தை எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

சேதி எப்படிப் பரவியதோ, தெரு முழுக்க வந்துவிட்டது. பிறந்த பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, குனிந்து பார்த்து, அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். தவமணி அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, ரத்தம்தான் என்று உறுதி சொன்னார். எதிர்வீட்டுச் சின்னப் பெண், "வலிக்குமா?" என்று கேட்டாள். "வலிக்குது பாப்பா," என்றான் சுயம்புலிங்கம், கொஞ்சம் பெருமையாகவே. கம்பவுண்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, கை மறந்துபோயிருக்குமோ என்று பயந்து, மூன்று தடவை பிரித்துப் பிரித்துக் கட்டுப் போட்டார். மேலத்தெருவில் ஒருத்தி அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டாளாம் என்று யாரோ வந்து சொல்ல, கூட்டம் அங்கே நகர்ந்தது. டெய்சிதான் கடைசியாகப் போனாள். போகும்போது சுயம்புலிங்கத்தின் முட்டியைப் பார்த்து, "இதுக்கு ஒரு விளக்கு கூடப் பெறாது," என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டுமுன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு அடங்கியது. பொன்னுக்கனி அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சீட்டை எழுதியவனுக்கும், அதை நகர்த்திய ஒவ்வொரு கைக்கும், மண் சுமந்தவர்களுக்கும், தொட்டியைக் கழுவியவளுக்கும் மனசுக்குள் நன்றி சொல்லி முடித்த பிறகும் நன்றி மிச்சம் இருந்தது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டை மெல்ல அவிழ்த்து மறுபடி பார்த்தாள். புளியங்கொட்டை அளவு காயம். மற்றதெல்லாம் வீடு வந்து சேர்ந்திருந்தது.